தண்டவாளமும் தமிழ்ச் சொல்லும்

ரயில் தொழிலில் வழங்கும் கலைச்சொற்களைப் பற்றி இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். "சொல் எதுவாக இருந்தால் என்ன? வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதாதா?" என்று சிலர் எண்ணக்கூடும். பிரயாணம் செய்பவருக்கு அது போதும். ஆனால் அந்த வண்டி நேரத்துக்கு வந்து சேர்வதற்காக வெயிலிலும் மழையிலும் பாதையைக் காத்து நிற்கும் தொழிலாளருக்கு அது போதாது. தாம் கண்ட குறையை இன்னொருவருக்குப் பிழையின்றி எடுத்துரைக்க அவருக்குச் சொல் வேண்டும். அந்தச் சொல் ஒரு பொருளையே குறிக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் விளங்கவும் வேண்டும். இல்லையேல் விளைவது இலக்கணப் பிழையன்று, உயிர்ச்சேதம்.

நான் இருப்புப்பாதைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன். பின்னர், புதிதாக வேலைக்குச் சேரும் தொழிலாளர்களுக்குத் தமிழில் பாடம் சொல்லும் பொறுப்பும் எனக்குக் கிடைத்தது. ஆகையால் நான் சொல்லப்போவன பெரும்பாலும் பாதையோரத்தில் கற்றவை. நூலகத்தில் கற்றவை சிலவே.

நம் நாட்டுக்கு ரயில் வந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கருங்கல் கொண்டுவருவதற்காக 1837ஆம் ஆண்டிலேயே ஓர் இருப்புப்பாதை போடப்பட்டது. பிரயாணிகளுக்கான முதல் வண்டி 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது; தூரம் 34 கிலோமீட்டர். தென்னாட்டில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விடப்பட்டது. எஞ்சினும் தண்டவாளமும் கப்பலில் வந்து இறங்கின. அவற்றோடு அவற்றின் பெயர்களும் வந்து இறங்கின.

புதிய பொருளைக் கண்ட மக்கள், தம் கண்ணுக்கு முதலில் எது தோன்றியதோ அதைக் கொண்டு பெயர் வைத்தார்கள். புகை தோன்றியது, புகைவண்டி என்றார்கள். இரும்பால் ஆன பாதை தோன்றியது, இருப்புப்பாதை என்றார்கள். இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ரயிலை இரும்புப் பாதை என்றே தத்தம் மொழியில் வழங்குகின்றனர். சீனரும் மலாய் மக்களும் நெருப்பு வண்டி என்கின்றனர். சிங்களத்தில் அதற்குப் புகை வண்டி என்றே பொருள். இலங்கைத் தமிழரோ வண்டியை ரதமாக்கிப் புகையிரதம் என்று அழகாகச் சொல்கின்றனர்.

இவ்விரு பெயர்களுள் ஒன்று பழைமைப்பட்டுவிட்டது, மற்றொன்று நிலைத்துவிட்டது. அதன் காரணத்தை ஆராய்ந்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. அன்றே புகையில்லாத புகைவண்டி பிறந்துவிட்டது. ஜப்பானியர் இந்த இடர்ப்பாட்டுக்கு முன்கூட்டியே வழிகண்டவர்போல நீராவி வண்டிக்கு ஒரு பெயரும் மின்வண்டிக்கு வேறொரு பெயரும் வைத்துக்கொண்டனர். நாமோ புகை போன பின்னும் புகைவண்டி என்றே எழுதிவந்தோம். 1990களின் முடிவுக்குள் நம் நாட்டின் பெரும்பாதைகளில் அன்றாட நீராவி எஞ்சின்கள் ஓய்ந்துவிட்டன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதை போன்ற ஒருசில இடங்களிலேதான் அவற்றை இன்றும் காணலாம். ஆனால் இருப்புப்பாதை என்ற பெயருக்கு எந்தக் குறையும் நேரவில்லை. எஞ்சின் எதனால் ஓடினாலும் பாதை எஃகாகத்தானே இருக்கிறது? பின்னர் வந்த தொடர்வண்டி என்னும் சொல்லும் அத்தகையதே. ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் தொடர்ந்து வருவதை அது காட்டுகிறது. எரிபொருள் மாறினாலும் அச்சொல் பொய்க்காது.

ஆகவே முதற்பாடம் இது: மாறக்கூடிய தோற்றத்தைக் கொண்டு பெயரிடுதல் கூடாது. பொருளின் இயல்பையோ செயலையோ கொண்டு பெயரிடுதல் வேண்டும்.

இனி மக்கள் வழக்கைச் சிறிது கவனிப்போம். ஆங்கிலத்தில் ரெயில் என்ற சொல்லுக்கு நீண்ட இரும்புச் சட்டம் என்பதே பொருள். அதன்மேல் ஓடுவதற்கு டிரெயின் என்று பெயர். நம் மக்களோ சட்டத்தின் பெயரை எடுத்து வண்டிக்குச் சூட்டிவிட்டார்கள். "ரயில் ஏறினேன்" என்கிறோம். வண்டியில் ஏறினேன் என்பதே அதன் கருத்து. சட்டத்துக்குத் தண்டவாளம் என்று வேறு பெயர் இருக்கிறது. "உன் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும்" என்று வீட்டுச் சண்டைகளில்கூட அச்சொல் புகுந்துவிட்டது. இதனால் மொழிபெயர்ப்பவருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலக் குறிப்பில் ரெயில் விரிசல் கண்டது என்று இருந்தால், அதை அப்படியே "ரயிலில் விரிசல்" என்று எழுதலாகாது. படிப்பவர் பெட்டியில் விரிசல் என்று எண்ணிப் பெட்டியைப் பரிசோதிக்கப் புறப்படுவார். "தண்டவாளத்தில் விரிசல்" என்று எழுதினால்தான் நிறுத்தவேண்டிய வண்டி நிறுத்தப்படும்.

போகி என்ற சொல்லின் கதையும் இதுவே. பெட்டியின் அடியில், இரண்டு அச்சுகளையும் நான்கு சக்கரங்களையும் தாங்கி, வளைவுகளில் தானே திரும்பிக்கொடுக்கும் சட்டகத்துக்குத்தான் தொழிலில் போகி என்று பெயர். ஒரு பெட்டிக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இருக்கும். மக்கள் வழக்கிலோ முழுப் பெட்டியே போகியாகிவிட்டது. "ஒரு போகி தடம் புரண்டது" என்ற செய்தி ஒரு சட்டகம் இறங்கியதைக் குறிக்கிறதா, முழுப் பெட்டியும் இறங்கியதைக் குறிக்கிறதா? மீட்பு வண்டியை அனுப்பவேண்டிய அதிகாரிக்கு இது சிறிய வேறுபாடன்று. பெட்டி என்ற நல்ல தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது. முழு வண்டிக்கு அதை வழங்கிவிட்டு, அடிச்சட்டகத்துக்குப் போகி என்பதை விட்டுவிட்டால் குழப்பம் தீரும்.

தடம் புரளுதல் என்றேனே, அது நம் மொழி ஈன்ற மிக நல்ல ரயிற்சொற்களுள் ஒன்று. அதைக் கேட்டவர் எவரும் பொருள் கேட்பதில்லை. ரயிலோடு தொடர்பில்லாத வாழ்க்கைச் செய்திகளுக்கும் அதை எடுத்து ஆளுகிறோம். ஒரு கலைச்சொல் வெற்றிபெற்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்து, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதிலுள்ள இடரைப் பார்ப்போம். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில், இருபுறமும் இரும்புத் தகடுகளை வைத்து மரையாணிகளால் முடுக்குவார்கள். இந்த அமைப்பை வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1847ஆம் ஆண்டில் பதிவுசெய்தார். இதற்குப் பிஷ் பிளேட் என்று பெயர். பிஷ் என்றால் மீன் என்று அகராதி சொல்லும். அதைக் கொண்டு மீன் தகடு என்று பெயர்த்தால் எவ்வளவு நகைப்புக்கு இடமாகும்! பாய்மரக் கப்பலில் பாய்மரம் பலம் குன்றினால், அதன் பக்கத்தில் வைத்துக் கட்டும் துணைக்கட்டைக்கு ஆங்கில மாலுமிகள் அப்பெயரை வழங்கினார்கள். அச்சொல்தான் இருப்புப்பாதைக்கு வந்தது. நீரில் நீந்தும் மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இணைப்புத் தகடு என்றால் அதன் வேலை விளங்கிவிடும்.

அதன் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃகு வெயிலில் நீளும். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம், வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய 4½ மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்கவே இணைப்புகளில் சிறு இடைவெளி விடுவார்கள். இணைப்புத் தகடு இரண்டு முனைகளையும் ஒரே நேர்கோட்டில் இறுகப் பிடிக்கவேண்டும்; அதே வேளையில் அவை நீளவும் சுருங்கவும் சிறிது இடங்கொடுக்கவும் வேண்டும். முன்பெல்லாம் ரயிலில் நாம் கேட்டுவந்த "தடக் தடக்" என்னும் ஓசை அந்த இடைவெளியில் எழுந்ததே. இன்று தண்டவாளங்களை நெடுந்தூரம் ஒன்றாகப் பற்றவைத்துவிடுவதால் அவ்வோசை அருகிவிட்டது.

தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு ஆங்கிலத்தில் ஸ்லீப்பர் என்று பெயர். உறங்குபவர் என்று அதை மொழிபெயர்க்க எவரும் துணியார். நம் தொழிலாளர்கள் அதைச் சிலிப்பர் ஆக்கி, பின்னால் கட்டை என்ற தமிழையும் சேர்த்துச் சிலிப்பர் கட்டை என்றார்கள். அது மரமாக இருந்தவரையில் பொருத்தமாகத்தான் இருந்தது. பிறகு வார்ப்பிரும்பு வந்தது. எஃகுத் தகடு வந்தது. இப்போது பெரும்பாலும் காங்கிரீட் வந்துவிட்டது. "காங்கிரீட் கட்டை" என்று சொல்லக் கேட்கிறோம். ஆனால் அதன் தொழில் மாறவில்லை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலத்தைக் காப்பது, வண்டியின் பாரத்தை ஜல்லியின்மேல் பரப்புவது, தண்டவாளம் நகராமல் பிடிப்பது ஆகிய மூன்றும் அதன் தொழில்கள். ஆகவே குறுக்குத் தாங்கி என்று எழுதினால் எந்தப் பொருளால் செய்தாலும் ஒக்கும். பேச்சில் கட்டை என்று வழங்குவதை நான் தடுக்கமாட்டேன். தொழிலாளர் வாயில் அது வேரூன்றிவிட்டது.

உருவகச் சொற்கள் எல்லாவற்றையும் தள்ளிவிடவேண்டும் என்பது என் கருத்தன்று. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒருபுறம் சீவியதுபோல் கூர்மையாக இருந்து, இடமும் வலமும் அசைந்து வண்டிக்கு வழிவிடும் தண்டவாளத்துக்கு ஆங்கிலத்தில் நாக்கு என்னும் பொருளில் பெயர் உண்டு. நாக்குத் தண்டவாளம் என்று சொன்னால் தமிழ்த் தொழிலாளர் உடனே விளங்கிக்கொள்கிறார். மணிக்கும் நாக்கு உண்டு என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம் அல்லவா? நீலகிரி மலைப்பாதையும் அப்படித்தான். 1899ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டில் உதகை வரையிலும் திறக்கப்பட்ட அப்பாதையில், ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தான ஏற்றம் உண்டு. அங்கே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் வெட்டிய சட்டங்கள் இரண்டு அடுத்தடுத்துக் கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்; எனவே எஞ்சினின் பற்சக்கரம் எக்கணமும் பிடிப்பை இழப்பதில்லை. அதைப் பல்சக்கர ரயில் என்று மக்களே அழைக்கிறார்கள். அரிவாளுக்கும் சீப்புக்கும் பல் உண்டு என்று அறிந்த மொழிக்கு இது அயலானதன்று. பிறமொழியின் உருவகம் நம் மொழியின் கண்ணிலும் அப்படியே படுமானால் அதை ஏற்கலாம், படாதாயின் விட்டுவிடவேண்டும். இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம் மோதலைப் பற்றியது; வண்டி மோதலன்று, சொல் மோதல். பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்க முனைகளில் வில்லமைப்பு ஒன்று உண்டு. இடியைத் தாங்குவதால் இடிதாங்கி என்று ஒருவர் பெயரிடலாம். ஆனால் அப்பெயர் ஏற்கெனவே கட்டடத்தின் உச்சியில் மின்னலுக்காக ஏறி நிற்கிறதே! பிரேக்குக்குத் தடை என்று பெயர் வைப்பாரும் உண்டு. தனியே நோக்கினால் பிழையில்லை. ஆயினும் மின்சார எஞ்சினில் மின்தடை என்னும் பொருள் வேறாக இருக்கிறது. அதுமட்டுமன்று, வண்டியின் ஓட்டத்தைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கி, அதை மின்தடையில் வெப்பமாகச் செலவழித்து, வேகத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. அதற்குத் "தடைத் தடை" என்று பெயர் வைப்பதா? நிறுத்தி என்றோ, மக்கள் வழக்கில் உள்ளபடி பிரேக் என்றோ சொல்வதே நலம். ஒரு சொல்லை ஆக்குபவர், அச்சொல் போய் அமரும் இடத்தில் வேறு யார் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டே ஆக்கவேண்டும்.

பிரேக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் நாட்டு வண்டிகளில் நெடுங்காலம் வெற்றிடப் பிரேக் இருந்தது. வெற்றிடம்தான் வண்டியை நிறுத்துகிறது என்று அப்பெயரைக் கேட்பவர் நினைப்பார். உண்மை வேறு. வண்டி முழுவதும் ஓடும் குழாயிலிருந்து எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். அந்த வெற்றிடம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தாலும், பிரயாணி அபாயச் சங்கிலியை இழுத்தாலும் காற்று உள்ளே பாயும், பிரேக் பிடித்துக்கொள்ளும். இன்றைய காற்றுப் பிரேக்கில் குழாய்க்குள் அழுத்தமான காற்று நிறைந்திருக்கும். அந்த அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். வண்டி இரண்டாக அறுந்து பிரிந்தால் இரு துண்டுகளும் தாமே நின்றுவிடவேண்டும் என்னும் பெரிய கருத்து இவ்விரண்டிலும் அடங்கியிருக்கிறது. பொருளை நேரில் கண்டு, அதன் இயக்கத்தை அறிந்தவரே அதற்குத் தமிழ்ப் பெயர் வைக்க உரியவர் என்பதற்காக இதைச் சொன்னேன். அபாயச் சங்கிலி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் பொருளை அறிந்து வைத்தார். அதனால்தான் எழுதப் படிக்க அறியாதவரும் அதை அறிந்திருக்கிறார்.

இனிக் கைகாட்டிக்கு வருவோம். கம்பத்தின் உச்சியில் ஒரு கை நீட்டியிருக்கும். கை கிடையாக நின்றால் வண்டி நிற்கவேண்டும். இன்று பல இடங்களில் கையே இல்லை. வண்ண விளக்குகளே உள்ளன. ஆயினும் கைகாட்டி என்ற சொல் சாகவில்லை. கைகாட்டுதல் என்றால் வழி காட்டுதல் என்றும் தமிழில் பொருளிருப்பதால் அச்சொல் பிழைத்துக்கொண்டது. பெயரில் இடரில்லை, வினையில்தான் இடர் இருக்கிறது. "கைகாட்டி விழுந்துவிட்டது" என்றால் வண்டிக்கு வழி கிடைத்துவிட்டது என்று பழைய வழக்கில் பொருள். ஒருவகைக் கைகாட்டியில் கை கீழே சாய்ந்தால் போகலாம் என்பது குறிப்பு. பிற்பாடு வந்த மற்றொரு வகையிலோ கை மேலே உயர்ந்தால்தான் போகலாம், விழுந்தால் நிற்கவேண்டும். ஒரே சொற்றொடர் ஓரிடத்தில் "போ" என்றும், மற்றோரிடத்தில் "நில்" என்றும் பொருள்படுமானால் அதைவிட ஆபத்தான சொற்றொடர் உண்டா? ஆதலால் நான் பாடம் சொன்னபோது, விழுந்தது, ஏறியது என்ற சொற்களை விலக்கி, "நில் நிலை", "போகலாம் நிலை" என்றே சொல்லப் பழக்கினேன். இரண்டும் செவிக்கும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. தொலைபேசியில் இரைச்சலுக்கிடையே கேட்டாலும் ஒன்றை மற்றொன்றாக மயங்க இடமில்லை.

ரயில் தொழில் சொற்களை எவ்வளவு ஐயத்தோடு நோக்குகிறது என்பதற்கு ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்தாரிடம் வண்டி அனுப்ப இசைவு கேட்கும்போதும், கேட்காரரிடம் கேட்டைச் சாத்தச் சொல்லும்போதும், வெறும் "சரி" என்ற விடையை ஏற்றுக்கொள்ளும் வழக்கமில்லை. விடை சொல்பவர் தம்மிடமுள்ள அந்தரங்க எண் ஒன்றைச் சொல்லவேண்டும். கேட்டவர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். "சரி" என்பது கவனமில்லாமலும் வாயில் வந்துவிடும். எண் அப்படி வராது. இத்தகைய தொழிலுக்குச் சொல் ஆக்குகிறோம் என்ற அச்சம் நமக்கு எப்போதும் இருக்கவேண்டும்.

நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூறுவது பொருத்தமாகும். பாதையில் நாள்தோறும் சுத்தியலோடு நடந்து, பிடிமானங்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பவரைக் கீமேன் என்பார்கள். தண்டவாளத்தை இறுக்கிய பழைய ஆப்புகள் போய் எஃகு வில் கிளிப்புகள் வந்துவிட்ட பிறகும் பெயர் மாறவில்லை. அப்படி ஒருவர், ஓர் ஐப்பசி மழைக்குப்பின் அலுவலகத்துக்கு வந்து, "ஐயா, மூணாவது கம்பத்துக்கிட்டக் கட்டை குதிக்குது" என்றார். அங்கிருந்த எழுத்தர் அதைக் கட்டை கெட்டுப்போயிற்று என்று பொருள்கொண்டு ஆங்கிலத்தில் பதிவுசெய்தார். அவ்வண்ணமே கட்டையை மாற்றிவிட்டார்கள். அடுத்த மழையில் அதே இடம் மீண்டும் தாழ்ந்தது.

அந்தத் தொழிலாளர் சொன்னது வேறு. கட்டை நன்றாகவே இருந்தது. அதன் கீழே படுகைதான் கெட்டிருந்தது. ஜல்லிக்குள் மண் சேர்ந்து, நீர் வடியாமல் தேங்கியிருந்தது. வண்டி ஏறும்போது கட்டை கீழே அமுங்கி, இறங்கியதும் மேலே எழுந்து சேற்றைக் கக்கியது. இதைத்தான் அவர் "குதிக்கிறது" என்ற ஒரே சொல்லால் சொன்னார். அதற்கு மருந்து கட்டையை மாற்றுவதன்று. ஜல்லியை எடுத்துச் சலித்து, வடிகால் வெட்டுவது. அவருடைய அறிவில் குறையில்லை. அவர் சொல்லிலும் குறையில்லை. அந்தச் சொல்லுக்குப் பதிவேட்டில் இடமில்லாததே குறை. இரண்டாம் முறை அவரையே உடன் அழைத்துச் சென்று, அவர் காட்டிய இடத்தில் வெட்டிப் பார்த்தபோது, ஒரு முழ ஆழத்துக்குச் சேறு நின்றது. அதுமுதல் "குதிகட்டை" என்னும் சொல்லை நான் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். மாணவர்களுக்கு அதை விளக்கும் தேவையே நேரவில்லை. நான் சொல்லி முடிக்குமுன் அவர்கள் தலையசைத்தார்கள்.

மழையும் பாதையும் சேரும் இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழகம் மறக்கவில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தால் பாதை சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தம் பதவியைத் துறந்தார். மழைக்கால இரவுகளில் விளக்கும் கையுமாகப் பாதையில் நடந்து காவல் காப்பவர்களின் கண்ணே வண்டியின் முதற்கண். கரை சரிகிறதா, கரை அரிக்கிறதா, பாலத்தூணருகே நீர் சுழிக்கிறதா, பாதை மூழ்குகிறதா என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வினைச்சொல்லும் வெவ்வேறு ஆபத்தைக் குறிக்கிறது. அவற்றை எல்லாம் "பாதை சேதம்" என்ற ஒரே தொடரில் அடைத்துவிடுவது அறிவைத் தூக்கி எறிவதாகும்.

சொல் வளத்தில் இலங்கைத் தமிழரிடமிருந்தும் நாம் கற்கலாம். பாதையைச் சாலை கடக்கும் இடத்தை நாம் ரயில்வே கேட் என்கிறோம். கேட் இல்லாத, காவலரும் இல்லாத இடத்தையும் "ஆளில்லா ரயில்வே கேட்" என்றே சொல்லிவந்தோம். இல்லாத கதவின் பெயரால் அந்த இடம் வழங்கியது. அகலப்பாதைகளில் அத்தகைய ஆளற்ற இடங்கள் 2019ஆம் ஆண்டு ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டது மகிழ்ச்சிக்குரியது. இலங்கையில் அதைப் புகையிரதக் கடவை என்பர். கடவை என்பது கடக்கும் இடம். கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். அதை நாமும் ஏற்றுக்கொள்வதில் தடையென்ன?

பாம்பனை எடுத்துக்கொள்வோம். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட நடுவிலிருந்த இரண்டு இறக்கைகள் இருபுறமும் மேல்நோக்கித் திறந்தன. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72½ மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுதும் இரு கோபுரங்களுக்கிடையே கிடையாகவே மேலெழுகிறது. மக்கள் இரண்டையும் தூக்குப் பாலம் என்கின்றனர். பேச்சுக்கு அது போதும். பாடப் புத்தகத்துக்குப் போதாது. முன்னதை இறக்கைப் பாலம் என்றும், பின்னதைத் தூக்குப் பாலம் என்றும் பிரித்துச் சொன்னால், பெயரைக் கேட்ட மாணவர் இயக்கத்தையும் அறிந்துகொள்வார்.

தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கும் முயற்சி புதியதன்று. 1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அதற்கென ஒரு சங்கம் கண்டார்கள். அதன்பின் அறிஞர் பலர் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பாடங்களை நோக்கியே உழைத்தார்கள், அதுவும் வேண்டியதே. ஆனால் பட்டறையிலும் பாதையோரத்திலும் வழங்கும் சொற்களைத் தொகுத்து வைக்கும் வேலை இன்னும் நிரம்பவில்லை. நாகப்பட்டினத்திலிருந்த பட்டறை பொன்மலைக்கு வந்த 1928ஆம் ஆண்டிலிருந்து எத்தனை தலைமுறைத் தொழிலாளர்கள் அங்கே தமிழ் பேசிக்கொண்டே எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்! 1955ஆம் ஆண்டில் பெரம்பூரில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பேர் தமிழிலேயே ஒருவருக்கொருவர் வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்! அவர்கள் வாயில் வழங்கிய சொற்கள் அவர்களோடே ஓய்வுபெற்றுப் போய்விடக் கூடாது. கடப்பாரை போட்டு ஜல்லி இறுக்கிய இடத்தில் இப்போது பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டன. கை மறந்த வேலையை நாக்கும் விரைவில் மறந்துவிடும்.

நான் வேண்டுவது இதுதான். ஓய்வுபெற்ற கேங்மேன்கள், பாயிண்ட்ஸ்மேன்கள், பட்டறை மேஸ்திரிகள் ஆகியோரிடம் கல்லூரி மாணவர்கள் செல்லட்டும். ஒவ்வொரு கருவியையும், ஒவ்வொரு பழுதையும், ஒவ்வொரு ஓசையையும் அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று எழுதி வாங்கட்டும். பொறியாளர்கள் அந்தச் சொற்களுக்கு நேரான பொருளை வரையறுக்கட்டும். புலவர்கள் அவற்றைச் செப்பம் செய்யட்டும். இம்மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் நல்ல அகராதி பிறக்கும். ஒருவரை விட்டு மற்றவர் செய்த அகராதி அலமாரியில் உறங்கும், பாதையோரத்துக்கு வராது.

தமிழில் சொல் இல்லை என்று சொல்பவர்கள் ஒருமுறை தண்டவாளத்தோரமாக ஒரு கல் தொலைவு நடந்து பார்க்கட்டும். அங்கே சொற்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. குனிந்து எடுப்பவர்தாம் வேண்டும்.